படகு கட்டிய மண்ணை வரைபடத்தில் குறியுங்கள்: முட்டத்திலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: கன்னியாகுமரி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் உறுப்பினர்கள், மீன்வளத்துறை அலுவலர்கள் மற்றும் எங்கள் கடற்கரை ஊர்களின் பங்குப் பேரவைகள் (கத்தோலிக்க ஆலய நிர்வாகக் குழுக்கள்).

மதிப்பிற்குரியோரே,

வணக்கம். முட்டத்திலும் அதன் இருபுறமும் உள்ள கடற்கரை ஊர்களிலும் படகு கட்டுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் தலைமுறைகளாகப் பயன்பட்டு வரும் இடங்களை அளந்து, சர்வே எண்ணோடு, கடற்கரையில் எங்கே என்ன கட்டலாம் என்பதை வரையறுக்கும் கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் படகு கட்டும் தளம் என்றே பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். நினைவுத்தூணோ, நிதி ஒதுக்கீடோ, விழாவோ நான் கேட்கவில்லை. ஏற்கெனவே இருக்கிற மண்ணுக்கு, அது எதற்குப் பயன்படுகிறதோ அந்தப் பெயரைக் காகிதத்தில் எழுதித் தாருங்கள் என்பது மட்டுமே கோரிக்கை.

வெளியூர்க்காரர்களுக்கு முட்டம் என்றால் கலங்கரை விளக்கமும், அலை மோதும் பாறைகளும், மாலை வெயிலும்தான். திரைப்படக்காரர்கள் வந்து வந்து அந்தப் பாறைகளைத் தமிழ்நாடு முழுவதற்கும் அறிமுகப்படுத்திவிட்டார்கள். அதில் எங்களுக்கு ஒரு சிறு பெருமையும் உண்டு. ஆனால் இந்த ஊர் தென்னிந்தியக் கடற்கரையின் படகுக் கலையில் ஒரு திருப்பத்தை உண்டாக்கிய ஊர் என்பது நாகர்கோவிலில் இருப்பவர்களுக்கே தெரியாது. வெறுமனே பழம்பெருமை பேசுகிறேன் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதால் அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் கடற்கரையில் இரண்டு வகைக் கலங்கள் இருந்தன. ஒன்று கட்டுமரம். கனமில்லாத மரத்தடிகளைச் செதுக்கி, கயிற்றால் பிணைத்து, கடலுக்குப் போய்த் திரும்பியதும் கட்டவிழ்த்து மணலில் காயப் போடுவார்கள். தடி நீர் குடித்துக் கனத்துவிட்டால் மறுநாள் அலையைத் தாண்டாது. மற்றொன்று வள்ளம். மாமரத்தையோ அயினியையோ குடைந்து, அதன்மேல் பலகை ஏற்றித் தைப்பது. கரையில் நின்று இழுக்கும் பெருவலையான கரமடி இழுக்கிற ஊர்களில் வள்ளம் இல்லாமல் தொழிலே இல்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இந்தக் கரையில் எழும் கடலடியை, அதாவது கரையில் உடையும் பேரலையை, நேரில் பார்த்தவர்களுக்கு, துறைமுகம் இல்லாத திறந்த மணலில் இருந்து ஒரு கலத்தைத் தள்ளிக்கொண்டு போவதும் அதே மணலில் திரும்ப ஏற்றுவதும் எத்தகைய வேலை என்று புரியும். இங்கே படகு கட்டியவர்களுக்குக் கேள்வித்தாளை வகுத்தது அந்த அலைதான்.

வள்ளம் தைப்பதை இன்றைய இளைஞர்களில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் அதையும் எழுதி வைக்கிறேன். இரண்டு பலகைகளின் விளிம்புகளைப் பொருத்தி, விளிம்போரமாகச் சீரான இடைவெளியில் துரப்பணத்தால் துளையிடுவார்கள். பொருத்துவாயின்மேல் தேங்காய் நாரை விரல் தடிமனுக்குத் திரட்டி நீளமாக வைப்பார்கள். பிறகு ஒருவர் உள்ளிருந்தும் ஒருவர் வெளியிலிருந்தும் கயிற்றைத் துளைகளின் வழியே மாற்றி மாற்றிக் கோத்து, நார் பிதுங்கும் அளவுக்கு இறுக்கி, கொட்டாப்புளியால் தட்டித் தட்டிச் சரி பார்ப்பார்கள். கடைசியில் துளைகளில் நாரைத் திணித்து அடைத்துவிட்டு, கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) எண்ணெயும் மீன் எண்ணெயும் பூசுவார்கள். ஆணி ஒன்றுகூட இல்லாத இந்தக் கலம் அலையில் மோதும்போது விறைத்து நிற்காமல் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும், அதனாலேயே உடையாது. கயிறு இற்றுப் போகும்போது தையலைப் பிரித்துப் புதிதாகத் தைப்பார்கள். அப்படிப் பார்த்தால் வள்ளம் கட்டுவது ஒரு நாளில் முடிகிற வேலையே இல்லை. அது உள்ளவரைக்கும் கரையில் அதற்கு ஓர் இடம் வேண்டும், கை தேர்ந்த ஆசாரி ஒருவர் வேண்டும்.

1970களில் இந்த ஏற்பாடு தடுமாறத் தொடங்கியது. வள்ளத்துக்கு ஏற்ற பெருத்த மரங்கள் அரிதாகி விலை ஏறின. விசைப்படகுகள் பெருகி, கரையோர மீன்பாடு குறைந்ததால், கட்டுமரக்காரர்கள் இன்னும் தொலைவுக்குப் போயாக வேண்டிய நிலை வந்தது. தொலைவுக்குப் போக இயந்திரம் வேண்டும். ஆனால் கட்டுமரத்தின் பின்புறத்தில் இயந்திரத்தைப் பொருத்தி அதை அலை அடிக்கும் மணலில் ஏற்றி இறக்குவது சிரமம். 1953-இல் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் வேலையைத் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம் இயந்திரப் படகுகளைக் கொண்டுவந்தது உண்மைதான். அப்போது நாமும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தோம். ஆனால் அந்தப் படகுகளுக்கு ஒதுங்கி நிற்க நீண்டகரையைப் போல ஒரு முகத்துவாரம் வேண்டும். திறந்த மணற்கரையில் வாழும் எளிய மீனவனுக்கு அதில் இடமில்லாமல் போயிற்று.

அந்த இடைவெளியில்தான் முட்டம் வருகிறது. பெல்ஜிய நாட்டிலிருந்து வந்த அருட்பணி ஜேம்ஸ் தோம்பேர் அவர்கள் உருவாக்கிய கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் சூழலில், அதே நாட்டைச் சேர்ந்த பொறியாளர் பியேர் ஜிலே, மணலில் ஏறி இறங்கக்கூடிய, இயந்திரம் பொருத்தக்கூடிய, எளிய மீனவர் வாங்கக்கூடிய ஒரு சிறு படகை உருவாக்கும் முயற்சியை முட்டத்தில் தொடங்கினார். முதல் முயற்சிகள் எல்லாம் வெற்றி பெறவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லச் சொல்ல வடிவம் மாறியது, கனம் குறைந்தது, கடைசியில் கடற்பயன்பாட்டுக்குரிய ஒட்டுப்பலகையில், அதாவது மரைன் பிளைவுட்டில், கட்டுமரத்தைப் போலவே மூழ்காத ஒரு கலம் உருவாயிற்று. ஊர்க்காரர்கள் அதைக் கொட்டுமரம் என்றார்கள். இந்தத் தோல்விகளையும் வெற்றிகளையும் ஜிலே ஒளிவுமறைவில்லாமல் எழுதி 1985-இல் நூலாக்கினார். சிறு தொழில்நுட்பம் ஒன்றை ஒரு கடற்கரைக்குக் கொண்டு சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு உலகின் பிற பகுதிகளில் உள்ளவர்கள் முட்டத்தை எடுத்துக்காட்டாகப் படிக்கிறார்கள். நம் மாவட்டத்துப் பள்ளிகளில் அதைப் பற்றி ஒரு வரி சொல்லப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தப் படகு கட்டப்பட்ட முறை எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. கோட்டுப் படத்தின்படி பலகைத் தாள்களை வெட்டி, விளிம்புகளில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைப்பார்கள். கம்பியை முறுக்க முறுக்கத் தட்டையாகக் கிடந்த பலகை வளைந்து எழுந்து படகின் உருவத்துக்கு வரும். உருவம் சரியானதும் உட்புறத்து மூட்டுகளில் ரெசின் என்னும் பிசினைக் குழைத்து அப்பி, அதன்மேல் கண்ணாடி இழைப் பட்டையை ஒட்டி, காய்ந்தபின் வெளியே நீட்டியிருக்கும் கம்பியை நறுக்கிவிடுவார்கள். கயிறு இருந்த இடத்தில் கம்பி, நார் இருந்த இடத்தில் ரெசின், அயினிப் பலகை இருந்த இடத்தில் பிளைவுட். தையல் மட்டும் மாறவில்லை. மேற்கில் இருந்து வந்த முறை என்று ஏட்டில் எழுதியிருக்கலாம். வள்ளம் தைத்துப் பழகிய கைகளுக்கு அது அந்நியமாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

இந்தப் படகுகள் 1980களில் பின்புறத்தில் மாட்டும் வெளி இயந்திரங்களோடு சேர்ந்து கொல்லம், திருவனந்தபுரம் கரைகளில் வேகமாகப் பரவின. 1980-இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சிஃப்ஸ் என்று நாம் அழைப்பது, படகு கட்டும் தளங்களை ஏற்று நடத்தி, தரமான பலகையும் பயிற்சி பெற்ற தொழிலாளரும் கிடைக்கச் செய்தது. தச்சுப் பரம்பரையில் வராத மீனவ இளைஞர்களும் அளவு எடுக்கவும், படம் படிக்கவும், ரெசின் கலக்கவும் கற்றார்கள். புதுப் படகு மந்திரிக்கப்பட்டுக் கடலில் இறங்குகிற நாளில் கட்டியவனும் ஓட்டுகிறவனும் ஒரே தெருக்காரர்களாக இருந்தார்கள். குறை இருந்தால் சொல்ல வெகுதூரம் போக வேண்டியதில்லை. நான் இழந்ததாகக் கருதுவது முதன்மையாக இந்த நெருக்கத்தைத்தான்.

2004 டிசம்பர் 26-க்குப் பின் நிலைமை தலைகீழானது. ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலான ஊர்களைச் சூறையாடிய பிறகு, உதவி என்ற பெயரில் ஃபைபர் படகுகள் குவிந்தன. உதவியவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயப்படவில்லை. ஆனால் அவசரத்தில் முளைத்த தளங்களில் அச்சில் வார்த்து அடுக்கப்பட்ட படகுகளில் தரம் குறைந்தவையும் இருந்தன. கட்டுமரம் ஒரு சில ஆண்டுகளில் கண்ணிலிருந்து மறையும் நிலைக்குப் போயிற்று. பலகையில் வேலை செய்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். இன்று வள்ளம் என்று எங்கள் ஊரில் சொன்னால் ஃபைபர் வள்ளம் என்றே பொருள். தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் மீனவர்களோ தங்கள் பெரிய படகுகளுக்குக் கொச்சிப் பக்கத்துத் தளங்களை நாடுகிறார்கள். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளக் கடற்கரையும், நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்களும், சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என நான்கு மீன்பிடித் துறைமுகங்களும் உள்ள மாவட்டத்துக்கு இது பெருமை தருவதாக இல்லை.

“அதுதான் முடிந்துபோன கதையாயிற்றே, இனி எதற்குத் தளம்?” என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் ஃபைபர் படகுக்கும் இடம் வேண்டும். அடிப்பகுதி மணலில் உரசித் தேய்கிறது, இயந்திரம் தாங்கும் பின்பலகை விரிசல் விடுகிறது, பாறையில் இடித்தால் ஓட்டை விழுகிறது. ஒட்டுப்போட வேண்டுமானால் முதலில் பழைய பூச்சை இயந்திரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். அப்போது பறக்கிற கண்ணாடி இழைத் தூள் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போனால் நெஞ்சுக்குக் கேடு. ரெசினின் நெடியோ தலையைச் சுற்ற வைக்கும். இடம் இல்லாததால் இந்த வேலை இன்று வீட்டு முற்றங்களுக்கு நடுவே, துணி உலர்த்தும் கொடிகளுக்குக் கீழே, பிள்ளைகள் விளையாடுகிற சந்துகளில் நடக்கிறது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகளையும் அந்த மாதங்களில் கடலடி பெரும்பாலும் கரையிலேயே நிறுத்திவிடுகிறது. படகு பழுது பார்க்கிற காலமும் அதுவே. அந்த இரண்டு மாதங்களில் எங்கள் ஊருக்குள் நடந்து வந்தால் நான் சொல்வது மிகையா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

இடம் எங்கே போயிற்று என்பதற்கு விடை எளிது. கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டி அலைத் தடுப்புச் சுவர் எழுப்பினோம். வீடுகளைக் காக்க அது தேவைப்பட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கல் வந்த இடத்தில் மணல் போயிற்று, மணல் போன இடத்தில் படகு ஏற்ற வழியில்லை. எஞ்சிய திறந்தவெளி, சுவருக்கும் வீடுகளுக்கும் இடையே உள்ள துண்டு நிலங்கள்தான். சிலுவை நிற்கும் சிற்றாலயமான குருசடிக்குப் பின்னால் ஒன்று, பழைய வலைக்கூடத்தை ஒட்டி ஒன்று என்று ஊருக்கு ஊர் அவை சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் மீதுதான் இப்போது சாலை விரிவாக்கம், வாகன நிறுத்தம், சுற்றுலாப் பூங்கா என்று ஒவ்வொரு திட்டத்தின் கண்ணும் விழுகிறது. வரைபடத்தில் வெற்றிடமாகக் காட்டப்படுகிற நிலத்தைத் திட்டம் தீட்டுகிறவர் காலி நிலம் என்று எண்ணுவதில் வியப்பில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் எங்கள் பக்கமே நிற்கிறது. 2011 ஜனவரி 6-இல் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீன் உலர்த்தும் களம், ஏலக்கூடம், வலை பின்னும் இடம் ஆகியவற்றோடு பாரம்பரியப் படகு கட்டும் தளத்தையும் உள்ளூர் மீனவர்களுக்குத் தேவையான வசதியாகப் பெயர் சொல்லி அனுமதித்தது. மீனவ ஊர்களையும் மீனவச் சமூகத்தின் பொதுச் சொத்துகளையும் கிராமப் புல வரைபட அளவில் குறித்துக் காட்ட வேண்டும் என்றும் அது கூறியது. 2019 ஜனவரி 18-இன் அறிவிக்கையிலும் அந்தக் கடமை தொடர்கிறது. ஆயினும் புதிய அறிவிக்கை வேறொரு மாற்றத்தையும் செய்தது: 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊரகப் பகுதிகளில், உயர் அலைக் கோட்டிலிருந்து அளக்கப்படும் கட்டடம் எழுப்பக் கூடாத எல்லை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைய வழி திறந்தது. நெருக்கமான குமரிக் கடற்கரை ஊர்களுக்கு இதன் பொருள் என்னவென்று எண்ணிப் பாருங்கள். அந்த 50 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் வலை காய்கிறது, படகு கவிழ்த்து வைக்கப்படுகிறது, ஆசாரியின் கொட்டகை நிற்கிறது. கட்டடம் வரலாம் என்று கதவைத் திறப்பதற்கு முன்பு, அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று எழுதி வைப்பது குறைந்தபட்ச நேர்மை அல்லவா?

இதைப் பற்றி விசாரிக்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. அங்கே இருந்தவர் மரியாதையாகவே பேசினார். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “இது கடல் புறம்போக்குதானே, யாருடைய பெயரிலும் இல்லையே” என்றார். யாருடைய பெயரிலும் இல்லாததால்தான் அது எல்லோருக்கும் பயன்பட்டது என்று சொன்னேன். அப்படி எழுதுவதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை என்றார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். வருவாய்ப் பதிவேட்டில் கட்டம் இல்லையென்றால், கடலோர வரைபடத்தில் இருக்கிறது. அதை நிரப்புமாறுதான் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தைக் கேட்கிறேன்.

பங்குப் பேரவையினருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அரசை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க நமக்கு உரிமையில்லை. வலைக்கூடம் இருந்த இடத்தில் வாடகைக் கடை கட்டியதும், திருமண மண்டபத்துக்காகப் படகுத் திடலைச் சுருக்கியதும் சில ஊர்களில் நாமே எடுத்த முடிவுகள்தான். கோயில் திருவிழாவுக்கும் கட்டட நிதிக்கும் கூட்டம் போட்டு விவாதிக்கிற நாம், எந்தெந்த இடம் தொழிலுக்கு வேண்டும் என்று கேட்டு ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். கிராமப் படத்தின் நகலில் அவற்றைக் குறித்து, தொழில் தெரிந்த மூத்தவர்களின் கையெழுத்தோடு ஆணையத்திடம் கொடுக்கலாம். பெண்களையும் கேளுங்கள். கருவாடு காய்கிற களம் எது, மழைக்காலத்தில் படகு எங்கே நகர்த்தப்படும் என்பதெல்லாம் ஆண்களைவிட அவர்களுக்கே துல்லியமாகத் தெரியும்.

நினைவுச் சின்னம் கேட்கவில்லை என்று மேலே எழுதினேன். காரணம் இருக்கிறது. 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைக் குளச்சலில் வென்றதற்குக் கடற்கரையில் வெற்றித்தூண் நிற்கிறது. அப்போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி அளித்த டிலனாய்க்கு உதயகிரிக் கோட்டையில் கல்லறை இருக்கிறது. அந்தப் போரில் மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று, தொலைவிலிருந்து பார்த்த எதிரிக்குப் படை வீரர்களாகத் தோன்றினார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, அந்தத் துடுப்பைச் செதுக்கியவனுக்கும் அந்த வள்ளத்தைத் தைத்தவனுக்கும் தூண் எழுப்புவதால் எதுவும் மீளப்போவதில்லை. வேலை நடக்கிற இடம் தொடர்ந்து வேலைக்கே இருந்தால் அவர்களுடைய கைத்திறன் ஏதோ ஒரு வடிவத்தில் நீடிக்கும். வேண்டுமானால் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். கயிற்றால் வள்ளம் தைத்தவர்களும் முட்டத்தில் பிளைவுட் படகு கட்டிப் பழகியவர்களும் முதுமை எய்திவிட்டார்கள். அவர்களுடைய அளவுகளையும் முறைகளையும் மாவட்ட நிர்வாகம் ஒளிப்பதிவு செய்து வைத்தால் நல்லது. அது இரண்டாவது வேண்டுகோள். முதலாவது நிறைவேறாமல் இரண்டாவது மட்டும் நடந்தால் எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி இராது.

கடைசியாக, பாதுகாப்பைப் பற்றி ஒன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் சிக்கி மீண்டவர்களில் சிலர், கவிழ்ந்த படகின் மேல் பற்றிக் கிடந்தே உயிர் பிழைத்தார்கள். முட்டத்தில் வடிவமைத்தவர்கள் மூழ்காமையை ஒரு நிபந்தனையாக வைத்தது எத்தனை சரியானது என்பதை அந்த நாட்கள் காட்டின. படகு கட்டுகிறவர் கடலுக்குப் போகிறவரின் குரல் எட்டும் தொலைவில் இருக்கும்போதுதான் இத்தகைய நிபந்தனைகள் படகுக்குள் வருகின்றன. தளத்தைக் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, ஆணையத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொண்டு, மீன்வளத்துறையும் நில அளவைத் துறையும் சேர்ந்து ஊர் ஊராக அளவு எடுக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அளவை முடியும்வரை அந்தத் துண்டு நிலங்களில் புதிய கட்டுமானம் எதற்கும் இசைவு தர வேண்டாம். அளவையர்களை ஜூன் மாதத்தில் அனுப்பினால் வேலை எளிதாகும். அப்போது படகுகள் கரையேறியிருக்கும், எந்த இடம் எதற்குப் பயன்படுகிறது என்பதை யாரிடமும் கேட்காமலே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். சங்கிலி பிடிக்கவும் எல்லை காட்டவும் ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

இப்படிக்கு,
முட்டம் கடற்கரையில் வாழும் ஒருவர்